16 தாளில் ஒரு கதை: பிள்ளைகளை முத்திரைக் காட்சிக்குக் கொண்டுவருவது

ரீச்சர், நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: யாழ்ப்பாணத்தில் உங்கள் பாடசாலையில் தபால் முத்திரைக் கழகம் நடத்துகிறீர்கள். பிள்ளைகள் ஆசையாகச் சேர்க்கிறார்கள், தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் "காட்சிக்கு வைப்பம்" என்றால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். இது ஏன், என்ன செய்யலாம் என்பதுதான் உங்கள் கேள்வி.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஆல்பத்தை நிரப்புவதும் காட்சி வைப்பதும் வேறு வேறு வேலைகள். ஆல்பத்தில் காலியாக இருக்கிற இடம்தான் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறது. காட்சிக்கு அப்படி இழுக்கிற இடம் எதுவும் இல்லை. அங்கே பிள்ளைக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லாத பிள்ளையிடம் "கொண்டுவந்து வை" என்றால், வீட்டு அலுமாரியைத் திறந்து ஊருக்குக் காட்டச் சொல்வது போலத்தான் அதற்குக் கேட்கும். வெட்கப்படாமல் என்ன செய்யும்?

ஆகவே முத்திரையில் தொடங்காதீர்கள். பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதில் தொடங்குங்கள். இதற்கு ஒரு உதாரணம் வைத்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்ல விடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெடியன் என்னிடம் வந்தான். எட்டாம் வகுப்பு. தகப்பன் சைக்கிள் கடை வைத்திருந்தார். பிஸ்கட் ரின் ஒன்றில் முத்திரைகள், நாடு வாரியாகக்கூடப் பிரிக்கவில்லை. "உனக்கு எதைப் பற்றி நல்லாத் தெரியும்?" என்று கேட்டேன். "ஒண்டும் தெரியாது" என்றான். விடாமல் கேட்டதில், "சில்லுக்கு ஒட்டுப் போடத் தெரியும்" என்று வந்தது. சரி, சைக்கிள் உள்ள முத்திரை ஏதாவது இருக்கிறதா என்று ரின்னைக் கொட்டித் தேடினோம். நாலு கிடைத்தன. ஒன்றைக் கையில் எடுத்து நிமிடக் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இதைக் கீறினவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, செயின் மற்றப் பக்கம் இருக்கு" என்றான். நான் அந்த முத்திரையைப் பல வருடங்களாகப் பார்த்தவன். ஒரு நாளும் என் கண்ணில் அது படவில்லை.

அன்றைக்கு அவனுக்குக் காட்சி பிடிபட்டுவிட்டது. மிச்சம் எல்லாம் தேடுகிற வேலை.

சைக்கிள் என்ற தலைப்பு எவ்வளவு ஆழமானது என்று எனக்கும் அவனோடு சேர்ந்து தேடும்போதுதான் புரிந்தது. 1894 இல் அமெரிக்காவில் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தபோது கலிபோர்னியாவில் பிரெஸ்னோவுக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே சைக்கிளில் தபால் ஓடியிருக்கிறது. அதற்கென்று தனி முத்திரையே அடித்திருக்கிறார்கள். அவசரத்தில் ஊர்ப் பெயரை எழுத்துப் பிழையோடு செதுக்கி, பிறகு திருத்தியிருக்கிறார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவில் தங்கம் தேடிப் போனவர்களுக்குக் கூல்கார்டிப் பக்கம் தனியார் சைக்கிள் தபால் இருந்தது. 1902 இல் அமெரிக்க அஞ்சல் துறை விரைவுத் தபாலுக்கென்று வெளியிட்ட 10 சத முத்திரையில், சைக்கிளில் போகிற தூதுவன் இருக்கிறான்.

இவை எல்லாவற்றையும்விட அவனைப் பிடித்து இழுத்தது மாபெக்கிங். தென்னாபிரிக்காவில் ஒரு சின்ன நகரம். போயர் யுத்தத்தின்போது 1899 ஒக்டோபர் தொடக்கம் 1900 மே வரை 217 நாட்கள் முற்றுகைக்குள் கிடந்தது. நகரத்துக்குள் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் மாணவர் படைச் சிறுவர்கள். வெளியிலிருந்து முத்திரை வர வழியில்லாததால் புகைப்பட முறையில் நீல நிறத்தில் தாங்களே அச்சடித்தார்கள். அதில் ஒரு பென்னி முத்திரையில் இருப்பது ராணியின் தலை அல்ல. சைக்கிளோடு ஒரு பெடியன், மாணவர் படையின் சார்ஜன்ட் மேஜர் குட்இயர்.

இதை நான் சொல்லி முடிக்கவில்லை, அவன் தகப்பன் கடைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டார். தொண்ணூறுகளில் இங்கே பெற்றோல் இல்லாத காலத்தில் எத்தனை பேரை, எத்தனை மூட்டையை ஒரு சைக்கிளில் ஏற்றினோம், மின்சாரம் இல்லாமல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டது எப்படி என்று அவர் சொல்லத் தொடங்கினார். மகன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் அந்தப் பேச்சு அதற்கு முன் வந்ததே இல்லையாம்.

அந்த மாபெக்கிங் முத்திரையை அவனால் வாங்க முடியாது, என்னாலும் முடியாது. அதற்கு ஒரு படத்தை அச்செடுத்து ஒட்டலாமா என்று கேட்டான். கூடாது என்றேன். காட்சியில் அசலின் இடத்தில் நகல் நிற்க முடியாது. உறையின் பின்பக்கம் போன்ற ஒன்றைக் காட்ட நகல் வைக்கலாம். அதுவும் பார்த்தவுடன் நகல் என்று தெரியும்படி, அசலைவிட 25 சதவீதமாவது அளவில் வித்தியாசமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே மாபெக்கிங் இல்லாமலே, ஒரு காட்சிச் சட்டகத்துக்கு வேண்டிய 16 தாளையும் முடித்தான். ஒரு சின்னக் காட்சியில் வெண்கலம் கிடைத்தது. செயின் மாறிப்போன முத்திரைக்கு முன்னால் நடுவர் நெடுநேரம் நின்றதுதான் அவனுக்குப் பதக்கம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வான்.

இனி, காட்சி என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற விதம். "பிரேம்" என்று நாங்கள் சொல்கிற சட்டகத்தில் ஏ4 தாள்கள் 16 இருக்கும், நாலு வரிசை, வரிசைக்கு நாலு. முதல் தாள் தலைப்புத் தாள்: எதைச் சொல்லப்போகிறேன், எந்த ஒழுங்கில் சொல்லப்போகிறேன். மிச்சம் 15 தாளில் சொன்னதைச் செய்து காட்ட வேண்டும். பெரியவர்கள் ஐந்து பிரேம், எட்டு பிரேம் என்று வைப்பார்கள். பிள்ளைக்கு ஒன்று போதும். ஆனால் 16 தாள் என்று முதல் நாளே சொன்னால் பயந்துவிடும். நான் ஒரு தாளில்தான் தொடங்குவேன். ஒரு தாள், மூன்று முத்திரை, ஒவ்வொன்றுக்கும் கீழே இருபது சொல்லுக்கு மேல் எழுதக்கூடாது.

இந்த ஒரு தாள் பயிற்சிக்கு எங்கள் நாட்டு முத்திரைகளே மலிவும் சுகமும். இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1 ஆம் திகதி வந்தது, விக்டோரியா ராணி தலை போட்ட ஆறு பென்ஸ். 1872 இல் பென்ஸ் போய் ரூபாயும் சதமும் வந்தன. 1948 இல் சுதந்திரம். 1972 மே 22 இல் குடியரசு, அத்தோடு சிலோன் என்ற பெயரும் போனது. ஆக, அரசர் தலை போட்டது ஒன்று, சுதந்திரத்துக்குப் பிந்திய சிலோன் ஒன்று, சிறீலங்கா ஒன்று. மூன்றையும் வைத்து ஒரு தாள் செய்யச் சொன்னேன் ஒருமுறை. ஒரு பிள்ளை எழுதியதைப் பாருங்கள்: "இங்கிலீசில் பெயர் மாறிவிட்டது. தமிழில் அப்போதும் இலங்கை, இப்போதும் இலங்கை." புத்தகம் பார்த்து எழுதியது அல்ல, முத்திரையைப் பார்த்து எழுதியது. அந்தக் கண் வந்துவிட்டால் தாள் தானாகக் கூடும்.

முத்திரை பேசினால் எழுத்துக் குறையும். எங்கள் பிள்ளைகள் தலைகீழாகச் செய்வார்கள். பக்கம் முழுக்க இணையத்தில் எடுத்த பந்தி, மூலையில் ஒரு முத்திரை. அது பாடசாலைச் செயற்றிட்டத்துக்குச் சரி, காட்சிக்குச் சரிவராது. ஒரு தாளில் எழுத்தை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் கதை பாதியாவது விளங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

காசு பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெற்றோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். சர்வதேச முத்திரைச் சேகரிப்புச் சம்மேளனம் 1926 இல் தொடங்கியது. காட்சிகளுக்கு விதியும் புள்ளித் திட்டமும் வகுத்தது அதுதான். ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு கதை சொல்கிற வகைக்கு அவர்கள் பெரியவர்களுக்குப் போடுகிற புள்ளியைப் பாருங்கள். தலைப்பும் திட்டமும் 15, அதை வளர்த்துச் சொன்ன விதம் 15, புதுமை 5. எடுத்த விஷயம் பற்றிய அறிவு 15, முத்திரை பற்றிய அறிவு 15. வைத்த முத்திரை, உறைகளின் நிலை 10, அருமை (எவ்வளவு அரிதாகக் கிடைப்பவை என்பது) 20. அழகாக வைத்ததற்கு 5. மொத்தம் 100. அருமையையும் நிலையையும் கழித்துவிட்டால் மிச்சம் 70. அந்த 70 க்கு மூளையும் பொறுமையும்தான் செலவு. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். முக்கியமாக அழகுக்கு 5 தான் என்பதை. எங்கள் அம்மாமார் கலர் கரையும் மினுக்கும் ஒட்டுகிற ராத்திரிகளை அது மிச்சப்படுத்தும்.

இளையோருக்குப் புள்ளித் திட்டம் கொஞ்சம் வேறு, வயதுப் பிரிவும் உண்டு: 10 முதல் 15, 16 முதல் 18, 19 முதல் 21. இதில் இன்னொரு நல்ல விஷயம், முதலாம் இடம் இரண்டாம் இடம் என்ற கதை இல்லை. குறித்த புள்ளியைத் தொட்ட எல்லோருக்கும் அந்தப் பதக்கம். பத்துப் பேர் வெள்ளிக்குத் தகுதி என்றால் பத்துப் பேருக்கும் வெள்ளி. எல்லாவற்றுக்கும் இடம் போடுகிற எங்கள் ஊரில் இதைப் பெற்றோருக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, ரியூசன். இதைத் தாண்டாமல் ஒன்றும் நடக்காது. புலமைப்பரிசில் முடிந்து ஆறாம் வகுப்பு வந்த பிள்ளைக்கும், சாதாரண தரம் நெருங்காத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் இடையில் நாலு வருடம் இருக்கிறது. அதைப் பிடியுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம், அது வீட்டில் சண்டையில் முடியும். "முத்திரை சேர்த்தால் பரீட்சையில் புள்ளி கூடும்" என்றும் தயவுசெய்து சொல்லாதீர்கள். எனக்குத் தெரிந்து கூடியதில்லை. இன்னொரு கூட்டம் இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை: உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக் கணக்கில் வீட்டில் இருக்கிற பிள்ளைகள். அவர்களைக் கூப்பிடுங்கள். வயது 19 பிரிவுக்குச் சரியாக வரும், நேரமும் இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு உதவியும் செய்வார்கள்.

இப்போது வீட்டுக் கடிதங்கள். இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

என் அப்பப்பா மலாயாவில் ரயில்வேயில் எழுதுவினைஞர். எங்கள் ஊரில் அப்போது வீட்டுக்கொரு மலாயாக்காரர். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களை அப்பாச்சி ரங்குப்பெட்டி ஒன்றில் கட்டிவைத்திருந்தார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது பெட்டி என் கையில் அகப்பட்டது. உறைகளில் பாய்கிற புலி போட்ட முத்திரைகள். இணைந்த மலாய் நாடுகளுக்கு 1900 இல் வந்த புலி அது. முப்பதுகள் வரை ஓடியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பேசினில் தண்ணீர் நிரப்பி, அத்தனை உறையின் மூலையையும் வெட்டிப் போட்டு ஊறவைத்து, முத்திரைகளைக் கழற்றி, சோற்றுப் பசையால் கொப்பியில் ஒட்டினேன். உறைகளை அடுப்படியில் போட்டார்கள்.

அந்தப் புலிகள் இன்றைக்கும் என்னிடம் இருக்கின்றன. சந்தையில் சில்லறைக் காசு. எந்த ஊரில் போட்டது, எந்தத் திகதி, எந்த வழியால் வந்தது, எங்கள் ஊர்த் தபாற்கந்தோர் சீல் எப்போது குத்தியது என்ற எல்லாம் அடுப்புக்குப் போய்விட்டன. 1942 இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் மூன்றரை வருடம் அப்பப்பாவிடமிருந்து ஒரு துண்டும் வரவில்லை என்று அப்பாச்சி சொல்வார். 1945 இல் திரும்ப வந்த முதல் கடிதத்தில், பிரித்தானிய இராணுவ நிர்வாகம் என்று மேலச்சடித்த முத்திரை இருந்திருக்க வேண்டும். யுத்தத்துக்கு முந்திய கடைசி உறை ஒரு தாள், யுத்தத்துக்குப் பிந்திய முதல் உறை அடுத்த தாள், நடுவில் ஒன்றும் இல்லாத ஒரு தாள். அப்படி ஒரு காட்சி வைத்திருக்கலாம். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆகவே உங்கள் கழகத்தின் முதல் சட்டமாக இதை எழுதிவையுங்கள்: பழைய உறையில் கத்தரிக்கோல் படக்கூடாது. முத்திரையைக் கழற்றுவது பிறகு எப்போதும் செய்யலாம். உறையைத் திரும்ப உண்டாக்க முடியாது.

மலாயா மட்டும் என்றில்லை. ஜேர்மனி, சுவிஸ், கனடாவிலிருந்து எண்பதுகளில் வந்த எயார் மெயில்கள், வான்கடிதத் தாள்கள் எத்தனையோ வீட்டில் கிடக்கும். தொண்ணூறுகளில் இங்கே காகிதம் இல்லாதபோது கொப்பி ஒற்றையை மடித்துச் செய்த உறைகள், வந்த உறையைப் பிரித்து உட்புறம் வெளியே வரும்படி திரும்ப ஒட்டியவை, சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு மூலம் குடும்பங்களுக்கிடையே போன செய்தித் தாள்கள். 1990 இல் யாழ்தேவி ரயில் நின்று 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை திரும்ப வந்தது. அதற்கு இடைப்பட்ட காலத்துக் கடிதங்கள் எந்த வழியால் போய் வந்தன என்பதையே ஒரு பிள்ளை 16 தாளில் சொல்லலாம். ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வீட்டாரைக் கேட்காமல் எந்தக் கடிதமும் வெளியே வரக்கூடாது. காட்சிக்கு உறை போதும், உள்ளே எழுதியிருப்பது அவர்களுடையது. சில வீடுகளில் அந்தக் கட்டை அவிழ்க்கவே விடமாட்டார்கள். விட்டுவிடுங்கள்.

எல்லா வீட்டிலும் கட்டு இருக்காது என்பதும் உங்களுக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்தால் ஊரை விட்டுக் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டவர்கள் கடிதக் கட்டையா தூக்கிக்கொண்டு போனார்கள்? வகுப்பில் "வீட்டிலிருந்து பழைய கடிதம் கொண்டுவாருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால், ஒன்றும் இல்லாத பிள்ளை மூலையில் ஒதுங்கிப்போகும். அதனால் இரண்டாவது வழி ஒன்றையும் கூடவே வையுங்கள்.

அது சீல் சேர்ப்பது. (தமிழில் ஒட்டுவதும் முத்திரை, அதன் மேல் குத்துவதும் முத்திரை என்பதால் பிள்ளைகள் குழம்புவார்கள். நான் இரண்டாவதைச் சீல் என்றே சொல்வேன்.) குடாநாட்டிலும் தீவுகளிலும் எத்தனை தபாற்கந்தோர், உப தபாற்கந்தோர் இருக்கின்றன! பருத்தித்துறை, சாவகச்சேரி, மானிப்பாய், சுன்னாகம், காரைநகர், ஊர்காவற்றுறை என்று ஒவ்வொன்றுக்கும் தன் பெயர் போட்ட சீல். பிள்ளைகள் சைக்கிளில் போய்த் தங்கள் முகவரிக்கே ஒரு உறையைப் போடட்டும். தபாலதிபரிடம் மரியாதையாக, "சீல் கொஞ்சம் வடிவாக விழட்டும் ஐயா" என்று கேட்கட்டும். ஆசையாக ஒரு பிள்ளை கேட்டால் பெரும்பாலானவர்கள் சீலைத் துடைத்து, மையைப் பார்த்துக் குத்துவார்கள். நயினாதீவு, நெடுந்தீவு உறைகள் குறிகட்டுவானுக்குப் படகில் வர வேண்டும். போட்ட திகதியையும் வீட்டில் கிடைத்த திகதியையும் குறித்து வைத்தால், கடல் குழம்பிய நாட்களில் எத்தனை நாள் பிந்தியது என்பதும் கதையாகிவிடும்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும்: இப்படிக் காட்சிக்கென்றே செய்த உறைகளைப் பெரிய காட்சிகளில் நடுவர்கள் அவ்வளவாக மதிக்கமாட்டார்கள். இயல்பாகத் தபாலில் போய்வந்த உறைதான் அவர்களுக்கு உயர்வு. புது முத்திரை வெளியாகிற நாளிலேயே சீல் குத்திய முதல் நாள் உறைகளுக்கும் இதே கதை. கொழும்பில் தபால் தலைமையகத்தில் இருக்கிற முத்திரைப் பணியகத்தில் ஒவ்வொரு புது வெளியீட்டுக்கும் அழகான உறை விற்கிறார்கள். வாங்கி அடுக்குவது சுலபம். பிரேம் முழுக்க அதுவே என்றால் பிள்ளை எதையும் தேடவில்லை என்று நடுவருக்குத் தெரிந்துவிடும். ஒன்று இரண்டு இருக்கட்டும். முதல் வருடத்துச் சீல் சேர்ப்புக்கு இதையெல்லாம் பார்க்க வேண்டாம். படகில் போய்ச் சீல் வாங்கி வந்த பிள்ளை அடுத்த வருடம் தானே நல்ல பொருள் தேடும்.

வெளிநாட்டு மாமாமார், சித்திமார் "உனக்கு என்ன வேணும்?" என்று தொலைபேசியில் கேட்பார்கள் அல்லவா? சொக்கிளேற் வேண்டாம், உண்மையான முத்திரை ஒட்டிய கடிதம் ஒன்று போடுங்கள் என்று சொல்லப் பழக்குங்கள். இயந்திரத்தில் அடித்த ஸ்ரிக்கர் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஸ்ரிக்கர்தான் வரும்.

இணையத்தில் வாங்குவது என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கார்ட்டூனும் நடிகர்களும் போட்டு, கேள்விப்படாத இடங்களின் பெயரில் மலிவாக வருகிற பளபளப்புத் தாள்கள் பல, எந்த அஞ்சல் துறையும் வெளியிடாதவை. 2002 முதல் உலக அஞ்சல் ஒன்றியத்தின் முத்திரைப் பதிவு முறை ஒன்று இருக்கிறது. அதில் பார்த்துக்கொள்ளலாம். பொருட்களைப் பாதுகாப்பது பற்றி நீளமாக எழுதவில்லை: பசையும் செலோரேப்பும் கூடவே கூடாது, பிவிசி பிளாஸ்ரிக் உறைகள் நாளடைவில் முத்திரையைக் கெடுக்கும், கார்த்திகை மார்கழி ஈரத்தில் பசையுள்ள முத்திரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். அலுமாரியில் கொஞ்சம் உயரமான தட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது. போதும்.

பிரேம் எங்கே எடுப்பது என்று யோசிப்பீர்கள். நாலு ஏ4 தாள் அகலம் 84 சென்ரிமீற்றர், நாலு தாள் உயரம் 119. எட்டடிக்கு நாலடிப் பிளைவூட் பலகை ஒன்றில் பக்கத்துக்கு இரண்டு பிரேம் பிடிக்கும். தாள்களைத் தெளிந்த உறைகளில் போட்டு வரிசையாகப் பொருத்தி, மேலே மொத்தமான பிளாஸ்ரிக் விரிப்பை இழுத்து ஆணி அடித்தால் பாடசாலைக் காட்சிக்கு அது தாங்கும். வெயில் நேரே படாத இடமாக நிறுத்துங்கள். பெற்றோர் தினத்தன்று வாசலில் இரண்டு பலகை நின்றால், மண்டபத்தில் தனியாக நடத்துகிற காட்சியைவிட அதிகம் பேர் பார்ப்பார்கள். முதல் வருடம் புள்ளி வேண்டாம். பிள்ளை தன் பிரேமுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்குச் சொல்லட்டும். தமிழிலேயே எழுதட்டும். சர்வதேசக் காட்சிக்குப் போகிற நாள் வந்தால் ஆங்கிலத்தில் மாற்றுவது பெரிய வேலை அல்ல. முதலிலேயே ஆங்கிலம் என்றால் ஆங்கிலம் தெரிந்த அப்பாதான் எழுதுவார்.

அப்பா எழுதுகிற கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு இடத்தில் நடுவராக இருந்தபோது பறவைகள் பற்றி ஒரு பிரேம் பார்த்தேன். கணினியில் அச்செடுத்த எழுத்து, ஒரு மில்லிமீற்றர் பிசகாத கரை, விஞ்ஞானப் பெயர்கள். பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று நெஞ்சு படபடக்க நின்றது. "இந்தப் பறவை எங்கே இருக்கும்?" என்று கேட்டேன். தகப்பனைத் திரும்பிப் பார்த்தது. இன்னொன்றைக் கேட்டேன், மறுபடியும் தகப்பன் முகம். கடைசியில், "இதில் உனக்கு எது பிடிக்கும் பிள்ளை?" என்றேன். பத்தாம் தாளில் மூலை மடிந்த ஒரு முத்திரையைக் காட்டியது. "இது என்னுடையது. மற்றதெல்லாம் அப்பா வாங்கினது." அந்தப் பிள்ளை அடுத்த வருடம் வரவில்லை.

நீங்கள் உதவி செய்யலாம், செய்யத்தான் வேண்டும். தேடுவதற்கு வழி சொல்லுங்கள், எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், பூதக்கண்ணாடியை எப்படிப் பிடிப்பது, ஓரப் பல்லை எப்படி எண்ணுவது (2 சென்ரிமீற்றருக்கு எத்தனை துளை என்பதுதான் கணக்கு) என்று காட்டுங்கள். தாளில் ஒட்டுவது பிள்ளையின் கை. கோணலாக இருந்தாலும் அதன் கை.

கடைசியாக, கழகத்துக்கு ஒரு நாள் வந்து பேச முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பேச்சு வேண்டாம் ரீச்சர். ஒரு உறை மட்டும் கொண்டுவருகிறேன். அப்பாச்சியின் உறைகளில் ஒன்றே ஒன்று என் கத்தரிக்கோலுக்குத் தப்பியது. முத்திரை கிழிந்திருந்ததால் அன்றைக்கு எனக்கு அது வேண்டாததாகப் போய்விட்டது. முன்பக்கம் பாதிப் புலி, செரம்பான் சீல். பின்பக்கம் இரண்டு சீல்கள், ஒன்று மங்கல். யார், யாருக்கு, எங்கிருந்து என்று நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். மேசையில் வைத்து, ஆளுக்கொரு பூதக்கண்ணாடி கொடுத்துவிட்டு, நாங்கள் இருவரும் கொஞ்சம் வெளியே போய் நிற்போம்.